வெள்ளைக்காரனுக்கு ஒரு கல்வெட்டு

என் கணவருக்கு வெளியே ஒரு தொடுப்பு இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு எரிந்திருக்க மாட்டேன். பெண் என்றால் நேரே போய் நாலு கேள்வி கேட்கலாம். அண்ணன்மாரைக் கூட்டிவந்து நியாயம் கதைக்கலாம். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்துக்காக உதைபந்தாடிய வெள்ளைக்காரனிடம் நான் என்னத்தைப் போய்க் கேட்பது?

"அவன் இவன் எண்டு எழுதாதையும், அவர் எண்டு எழுதும்" என்று இதைக் கண்டால் இவர் சொல்வார். இவர் என்றால் என் கணவர். இந்தக் கதை முடியும்வரை இவர் இவராகவே இருக்கட்டும், அவன் அவனாகவே இருக்கட்டும். எழுதுகிறது நான்.

இவர் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். ஆனால் எங்கள் ஊரான உடுப்பிட்டியில் இவரை எல்லோருக்கும் தெரிந்தது கச்சேரியால் அல்ல, கல்வெட்டால். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். அதைத்தான் கல்வெட்டு என்கிறது. முன்பக்கத்தில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, செத்த நாளையும் திதியையும் சொல்லும் ஒரு வெண்பா. வரலாறும் வெண்பாவும் எழுதித் தருகிற ஆள் இவர். காசு வாங்க மாட்டார். ஆனால் ஒரு விசயத்தை ஒருவர் வாயால் மட்டும் கேட்டு எழுதவும் மாட்டார்; இரண்டாவது சாட்சி வேண்டும். செத்தவர் எந்த ஆண்டு இடமாற்றம் பெற்று மன்னாருக்குப் போனார் என்பதற்குக் கடிதத்தைக் காட்டு என்பார். செத்த வீட்டில் அழுதுகொண்டிருக்கிற பெண்சாதி எழும்பிப் போய் அலுமாரியைக் கிளறுவாள். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

வினை தொடங்கியது மகன் வீட்டில். மகன் அந்த வெள்ளைக்காரச் சின்ன நகரத்தில்தான் குடும்பமாக இருக்கிறான். ஆறு மாத விசாவில் எங்களைக் கூப்பிட்டான். மருமகளும் வேலைக்குப் போகிறவள். பேத்திக்குச் சாப்பாடு தீத்துவது, நித்திரையாக்குவது, உடுப்பு மடிப்பது எல்லாம் என் பாடு. இவருக்கு அங்கே சாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கை அரித்தது போல. குளிருக்குத் தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்த ஊர் நூலகத்துக்குப் போகத் தொடங்கினார்.

அங்கே சுவரில் ஊர் அணியின் பழைய படம் ஒன்று. பின்வரிசையில் கடைசியில் காது விரிந்த ஒரு பொடியன். இடப்பக்கத்தில் நின்று எதிரணியை மறிக்கிறவன். நூலகத்துப் பெண்ணிடம் இவர் அவனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவள் பழைய பத்திரிகைகளைப் பார்க்கிற இயந்திரத்துக்கு முன்னால் இவரை இருத்திவிட்டாள். அவ்வளவுதான். ஆள் போய்விட்டார்.

"பதினொரு பேர் நிக்கினம். ஏன் உவனைப் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"மற்றவையைப் பற்றி எல்லாம் ஆரோ எழுதியிருக்கினம். உவரைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. பாவமெல்லே?" என்றார்.

அந்தப் "பாவமெல்லே" என் நெஞ்சில் ஊசி மாதிரிக் குத்தியது. ஏன் குத்தியது என்று பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் சொக்கலேற் கொண்டுவருவார்கள். இவர் நூலகத்தில் இருந்து எழுதிய மூன்று கொப்பி நிறைய அவனைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு காலைத் தேத்தண்ணியோடு அவன், மத்தியானச் சோற்றோடு அவன். அவன் பதினான்கு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவனாம். கட்டாய இராணுவச் சேவையில் இருந்தபோது ஆடியதை யாரோ கண்டுதான் அணிக்கு எடுத்தார்களாம். விளையாட்டில்லாத கோடையில் வீடுகளுக்குச் சாந்து பூசுவானாம். ஆட்டத்துக்குப் போகும்போது பார்க்க வருகிற சனத்தோடு அதே பஸ்ஸில் நின்றுகொண்டு போவானாம். கல்யாணம் சனிக்கிழமை காலையாம், அன்று பின்னேரமே போய் ஆடினானாம்.

"அப்ப பொம்பிளை எங்கை இருந்தவ?" என்று கேட்டேன்.

"கலியாண உடுப்போடை மழைக்குள்ளை நிண்டு பாத்தவவாம். ரெண்டு பேப்பரிலை கிடக்கு."

அவளுடைய தொப்பி நனைந்தது வரைக்கும் இவருக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று நான் என்ன நிறக் கூறை உடுத்தேன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூறை எண்டால் சிவப்புத்தானே" என்றார். அரக்கு. ஆனால் அதற்கு இரண்டு பேப்பர் சாட்சி இல்லை.

இன்னொன்று கேளுங்கள். அவன் மறிக்கிறவன் என்பதால் ஆடின காலம் முழுக்க ஒரே ஒரு கோல்தான் அடித்தான். அதுவும் அரை மைதானத்திலிருந்து சும்மா உயர்த்தி அடித்த பந்து காற்றில் திரும்பிப் போய் விழுந்ததாம். அந்த ஒரு கோலுக்கு இவர் நாலு பக்கம் எழுதினார். எந்தத் திசைக் காற்று, கோல்காப்பாளர் எந்தக் காலில் வழுக்கினார், சனம் எப்படி முதலில் பேசாமல் இருந்து பிறகு கத்தியது என்று எல்லாம் இருந்தது. எனக்கு வாசித்துக் காட்டினார். தோசைக்கு மா கரைத்துக்கொண்டே கேட்டேன். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

இப்போது சொல்கிறேன். நானும் கோல் போட்டவள். ஒன்றல்ல. அளவெட்டியில் பிறந்து, பக்கத்துப் பாடசாலையில் படித்தபோது வலைப்பந்தாட்ட அணியில் கோல் சூட்டர். வளையத்துக்குக் கீழே நின்று பந்தைப் போடுகிற வேலை. ஒரு ஆட்டத்தில் அவன் வாழ்நாளில் போட்டதைப்போல எத்தனையோ மடங்கு போட்டிருக்கிறேன். என் இடக்கைச் சின்னவிரல் கோணலாக இருப்பது ஓராட்டத்தில் முறிந்துதான். முறிந்த விரலை மற்ற விரலோடு சேர்த்துக் கட்டிவிட்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடினேன். யாழ்ப்பாணத்தில் நடந்த மாவட்ட இறுதியாட்டம்வரை போனோம். அதற்கு அடுத்த வருடம் இவரை எனக்குக் கல்யாணம் பேசி வந்தார்கள். "பந்தடிச்சுத் திரிஞ்ச கதை ஒண்டும் அங்கை கதையாதை" என்றார் அப்பா. நான் கதைக்கவில்லை. குழுப்படமும் சான்றிதழும் அம்மா வீட்டு அலுமாரியில் இருந்தன. போர்க்கால இடப்பெயர்வில் அலுமாரியும் போனது, வீட்டின் கூரையும் போனது.

கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் பந்தாடினேன் என்று. "ஓ" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். அன்றைக்கு மனதுக்குள் ஒரு பிடிவாதம் விழுந்தது. இவராகக் கேட்டால் சொல்வேன். கேட்காமல் இனி வாய் திறக்க மாட்டேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். இவர் ஊரில் உள்ள செத்தவர்களிடம் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் கடல் கடந்து போய் ஒரு வெள்ளைக்காரனிடமும் கேட்டுவிட்டு வந்தார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

அவனுடைய கடைசி ஆட்டத்தை எழுதிய அன்று எங்களுக்குச் சண்டை வந்தது. அந்த ஆட்டத்தில் அவனுக்குக் கணுக்கால் முறிந்தது. அந்தக் காலத்தில் பதிலுக்கு இன்னொருவரை இறக்க முடியாதாம். அதனால் முறிந்த காலோடு மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றானாம், கணக்குக்காவது பதினொரு பேராக இருக்கட்டும் என்று. அதற்குப் பிறகு அவன் ஆடவே இல்லை. பேப்பரும் இனிப்பும் விற்கிற கடை ஒன்று வைத்தான். இதை வாசிக்கும்போது இவருடைய குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் தாய் செத்தபோது துடைக்காத கண்ணாடி.

"எனக்கும் விரல் முறிஞ்சதுதான். அதோடைதான் ஆடினனான்" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

பார்த்தார். "உது பிறவியிலையே கோணல் எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார்.

எப்படி முறிந்தது என்று அடுத்த கேள்வி வரும் என்று நின்றேன். கையை நீட்டியபடியே நின்றேன். இவர் பேனையை எடுத்து, "கணுக்கால் வலதோ இடதோ எண்டு ஒரு பேப்பரிலை மாறிக் கிடக்கு" என்றார். நான் சம்பலுக்குத் திருவ எடுத்த தேங்காய்ப்பாதியைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். அன்று சம்பல் இல்லை.

எழுதி முடித்ததும் இவருக்கு ஒரு சிக்கல். வேறு எந்த மாதிரியும் ஒரு மனிதனின் வாழ்க்கையை எழுதி இவருக்குப் பழக்கமில்லை. ஆகவே அது கல்வெட்டாகத்தான் வந்திருந்தது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் ஏக புத்திரனும், இன்னாரின் அன்புக் கணவரும் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெண்பா மட்டும் எழுத முடியவில்லை. வெண்பாவுக்குத் திதி வேண்டும். அவன் செத்த திகதி எந்தப் பேப்பரிலும் இல்லை.

"செத்தவரோ எண்டு முதலிலை தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்து ஆளப்பா. இனி இருப்பாரே?" என்றார். இடமாற்றக் கடிதம் கேட்கிற மனிதர் இதற்கு மட்டும் கடிதம் கேட்கவில்லை.

இரண்டு கிழமை யோசித்தார். பிறகு, ஆட்டக்காரனுக்கு ஆட்டத்தை விட்ட நாள்தான் திதி என்று தானே தீர்மானித்தார். ஐயரிடம் போய் அந்த வருடத்துப் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து, அவன் கால் முறிந்த சனிக்கிழமை என்ன மாதம், என்ன பட்சம், என்ன திதி என்று பார்த்து வெண்பாவைக் கட்டினார். நெல்லியடியில் வழக்கமாக அடிக்கிற அச்சகத்தில் கொடுத்தார். அவர்களும் வழக்கப்படி முன்பக்கத்தில் குத்துவிளக்கு இரண்டு வைத்து, நடுவில் காது விரிந்த அந்தப் பொடியனின் படத்தைப் போட்டுவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் சுருக்கம். மைதானத்தைவிட்டு நீங்கிய அன்றே இறைவனடி சேர்ந்தார் என்று அதிலும் எழுதியிருந்தார்.

ஊரில் வீடு வீடாகக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வேலியடிக்கு வந்தார்.

"பிள்ளை, உவர் உங்களுக்கு என்ன முறை வேணும்?"

"எனக்குச் சக்களத்தி முறை, அக்கா" என்றேன்.

பத்துப் பிரதிகளை மகனுக்கும் அனுப்பினார், அந்த நூலகத்தில் கொடுக்கச் சொல்லி. நூலகத்துப் பெண் ஒன்றை வாங்கி, அந்தச் சுவர்ப் படத்துக்குக் கீழே வைத்தாளாம். அதோடு சனி விலகியது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு காலை மகன் வீடியோவில் வந்தான். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தான்.

"அப்பா, உங்கடை ஆள் சாகேல்லை."

"ஆர்?"

"உங்கடை உதைபந்துக்காரர். தொண்ணூறு தாண்டிட்டுது. வயோதிபர் இல்லத்திலை இருக்கிறார். அவற்றை மகள் நூலகத்திலை உங்கடை புத்தகத்தைக் கண்டிட்டு எனக்கு எழுதியிருக்கிறா."

இவர் கதிரையின் கைப்பிடியைப் பிடித்தார். "ஐயோ, உயிரோடை இருக்கிற மனிசனுக்கெல்லோ நான் திதி குறிச்சிட்டன்" என்றார். முகம் வெளிறிப்போனது. எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம். பொய் சொல்லி என்ன பயன்?

மகள் எழுதியதை மகன் தமிழில் சொன்னான். அவளுக்குக் கோபம் இல்லையாம். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். தகப்பனிடம் கொண்டுபோய் வாசித்தும் காட்டினாளாம். அவனுக்கு உதைபந்தாட்டம் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. தான் ஆடியதே தெரியாது. முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்ல பொடியனாக இருந்திருக்கிறான், பாவம், இளமையிலேயே போய்விட்டானா?" என்று கேட்டானாம். மறதி வந்து கனகாலமாம். ஒன்று மட்டும் மறக்கவில்லையாம். ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்கு யன்னலடியில் போய் நின்று, மில் வேலை முடிந்து பெண்சாதி பஸ்ஸில் வந்துவிட்டாளா, குடை கொண்டுபோனாளா என்று கேட்பானாம். அவள் செத்துப் பல வருடம்.

போன் நின்ற பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது.

ஒரு வருடமாக நான் ஆள்மாறி எரிந்திருக்கிறேன். எரிய வேண்டியது அவனைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. மழைக்குள் கலியாண உடுப்போடு நின்ற அந்த மில்காரியைப் பார்த்து. எல்லாம் அழிந்த மண்டைக்குள் அவள் ஒருத்தி மட்டும் பஸ்ஸால் இறங்கி வந்துகொண்டிருக்கிறாள். எனக்கு அப்படி ஒரு பொறாமை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. செத்த மனுசியிடம்போய் இப்படிப் பொறாமைப்படுகிறோமே என்ற வெட்கமும் வரவில்லை.

இவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "அந்தக் கோல்கூட ஞாபகம் இல்லையாம்" என்றார். தன் வீட்டில் சாவு விழுந்ததுபோல இருந்தது குரல். "அப்பிடியொரு கோல். அடிச்ச மனிசனுக்கே தெரியாது."

அப்போதுதான் என் வாய் என்னை மீறியது.

"அவன் மறந்தாலும் நீங்கள் எழுதி வைச்சிருக்கிறியள். நான் மறக்காமல் வைச்சிருக்கிறன், ஒருத்தரும் எழுதேல்லை. நான் பந்தாடினனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எத்தினை வருசம், எந்த இடம், ஆரோடை, ஒண்டாவது தெரியுமோ? கேளுங்கோ, கேளுங்கோ எண்டு நான் நாப்பது வருசமாய் இருக்கிறன். கேட்டியளோ? நான் செத்தாப்பிறகு ஆரைக் கேட்டு எழுதப்போறியள்?"

கடைசிச் சொல்லில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

 இவர் எழும்பிப் போய் ஒரு புதுக் கொப்பியை எடுத்து வந்து, மேசையில் வைத்து, மேலே ஒரு கோடு போட்டார்.

"எந்த இடத்திலை ஆடினீர்?"

"கோல் சூட்டர்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

விரல் முறிந்த ஆட்டத்தைக் கேட்டார், சொன்னேன். பயிற்றுவித்த ரீச்சரைக் கேட்டார், சொன்னேன். காற்சட்டையா பாவாடையா என்றுகூடக் கேட்டார். பிறகு கடைசி ஆட்டத்துக்கு வந்தார்.

"மாவட்ட இறுதி. வெண்டனீங்களோ?"

"ஓம், ஒரு கோலாலை" என்றேன். "கடைசிக் கோல் நான்தான் போட்டனான்."

எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"உம்மோடை ஆடின ஆரும் இப்ப இருக்கினமே? போன் நம்பர் இருந்தால் தாரும். இன்னொராளிட்டையும் கேட்டு எழுதோணும்."

 இவ்வளவு காலமும் ஆசைப்பட்டது இதைத்தான். அவனுக்கு இரண்டு பேப்பர் பார்த்தவர், எனக்கும் இரண்டாம் வாய் தேடுகிறார். ஆனால் அந்த இரண்டாம் வாய் கனடாவில் இருக்கிறது. அன்று எனக்குக் கடைசிப் பந்தை எறிந்தவள். அவள் பொய் சொல்ல மாட்டாள்.

"வெட்டுங்கோ" என்றேன். "நாங்கள் தோத்தனாங்கள். ஒரு கோலாலைதான். கடைசிப் பந்து என்ரை கையிலை வந்தது. நான்தான் விட்டனான்."

இவர் கோபிக்கவில்லை. எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டினார்.

"பந்து வளையத்திலை பட்டதோ, படாமல் போனதோ?"

"பட்டது. ரெண்டு தரம் சுத்திப்போட்டு வெளியாலை விழுந்தது."

பேனை நின்றது. இவர் அதைக் கொப்பியின்மேல் வைத்துவிட்டு, அந்தப் பந்து இப்போதுதான் கண்முன்னால் விழுந்ததுபோல முகத்தைச் சுளித்து, "ச்சா" என்றார்.

அந்தப் பந்துக்காக என்னைத் தவிர இன்னொருவர் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.